பெரிய கானில் நான் இறங்கிய கதை

கித்துல்கல
20.10.1998

பெருமதிப்புக்குரிய மச்சான் நாகலிங்கத்துக்கு முத்துவீரன் எழுதிக்கொள்வது. முருகன் அருளால் நீங்களும் வரக்காப்பொலக் கடையும் நன்றாக இருக்க வேண்டும். இங்கே உங்கள் தங்கச்சி தங்கம்மா சுகம். நான் சுகமில்லை. காய்ச்சல் ஒன்றும் கிடையாது, எல்லாம் உங்கள் மருமகள் சுகந்தினியால் வந்த வினை.

சோதனை எழுதிவிட்டு வீட்டில் இருக்கிற பிள்ளை தையல் பழகுவாள் என்று நினைத்தேன். அவளோ தோட்டத்து லய வீடுகளின் இளவட்டங்களைச் சேர்த்துக்கொண்டு குப்பை பொறுக்கச் சங்கம் வைத்துவிட்டாள். மழைத்தண்ணீர் ஓட வழியில்லாமல் அடைந்து கிடக்கிற பெரிய கானைத் தொட ஆள் பத்தவில்லையாம், அதனால் முதல் ஞாயிறு லயத்துக்குப் பின்னாலும் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையிலும் பொறுக்கினார்கள். பொறுக்கியதைப் புதைத்தால் என்ன? அடையாளம் தெரிந்ததையெல்லாம் அவரவர் வாசலுக்கே கொண்டுபோய், "இது ஒங்க சாமான்தானேங்க? பீலிக்கரையில கெடந்துச்சு" என்று மரியாதையாக நீட்டினாள். அந்தனி வீட்டுக்கு அவர் மகள் அருள்செல்வியின் கல்யாணக் கேக் பெட்டிகள், பெண் மாப்பிள்ளை பேர் அச்சடித்தபடியே, திரும்பி வந்தன. எங்கள் வீட்டுக்கும் ஒரு சாக்கு வந்தது மச்சான்! பெற்ற தகப்பன் என்ற இரக்கம்கூட இல்லை.

அந்தனி நேராக என்னிடம் வந்தார். "தலைவரே, தோட்டத்தையே அடக்கி வச்சிருக்கீங்க. ஒங்க மகள அடக்க முடியலியா?" என்றார். தோட்டத் தொழிற்சங்கத் தலைவரான எனக்கு இது பெரிய அவமானமாகப் போய்விட்டது. அடுத்த ஞாயிறு காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பிரட்டுக் களத்தில் கூட்டம் போட்டேன். துப்புரவு நல்லதுதான், பெரியவர்களை வெட்கப்படுத்துவது கூடாது என்று அரைமணி நேரம் பேசினேன். பேச்சு நடுவில் வெற்றிலையை வாயில் போட்டுவிட்டு, அது இருந்த சொப்பிங் பேக்கைக் கை தன்பாட்டுக்குக் கீழே விட்டது. சனம் என் முகத்தைப் பார்க்கவில்லை, பேக்கைத்தான் பார்த்தது.

சுகந்தினி எழுந்தாள். "பேச்சு நல்லாத்தான் இருக்குப்பா. அத எடுத்துட்டு மிச்சத்தப் பேசுங்க."

குனிந்தேன், காற்று பேக்கைத் தூக்கியது. கட்டியிருந்த சாரத்தைப் பிடித்துக்கொண்டு களத்தைச் சுற்றி ஓடினேன், அது பெரிய கானுக்குள் விழுந்தது, இனி விட்டால் மானம் போகும் என்று நானும் இறங்கினேன், முழங்கால் வரை சேறு. அப்போது யாரோ, "தலைவரே எறங்கிட்டாரு, வாங்கடா!" என்று கத்த, இளசுகள் எல்லாம் குதித்துவிட்டன. பின்னால் அந்தனியும் மண்வெட்டியோடு வந்தார். பேக்கை எடுக்கத்தான் இறங்கினேன் என்று யாரிடம் சொல்வது? பொழுது சாயும்வரை கான் அள்ளினேன். கைதட்டல் வேறு! இப்போது இடுப்பு நிமிரவில்லை.

ஆகவே மச்சான், கடைக்கு உதவி வேண்டும் என்று ஏதாவது சொல்லி சுகந்தினியை ஒரு மாதம் அங்கே கூப்பிட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் கூப்பிட்டால் தட்டமாட்டாள். அக்காவுக்கு எங்கள் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
நொந்துபோன முத்துவீரன்

பி.கு.: கடிதத்தை ஒட்டுமுன் பெருமழை பிடித்துவிட்டது. வழமைபோல் வெள்ளம் குசினிக்குள் வரும் என்று தங்கம்மா அரிசியைத் தூக்கிக் கட்டிலில் வைத்துவிட்டுக் காத்திருந்தாள். வரவேயில்லை. வாசலில் நின்று பார்த்தோம், தண்ணீர் அப்படியே கானோடு ஓடுகிறது. மேலே எழுதியதை மறந்துவிடுங்கள், பிள்ளையைக் கூப்பிட வேண்டாம். வருகிற ஞாயிறு கீழ்லயத்துக் கான், இரண்டு கட்சியாகப் பிரிந்து இறங்குகிறோம். அந்தனி பக்கம் ஆள் கூட. கடையைப் பூட்டிவிட்டு வந்தீர்களென்றால் என் பக்கம் இறங்கலாம்.