மஞ்சள் அட்டையும் ஒன்பது ஃபார்மட்டும்

2012ஆம் வருடம் ஆவணி மாதத்தில் என் மனைவி சந்திரம்மாளை ஏமாற்றுவது என்று முடிவெடுத்தேன். கல்யாணமான இருபத்தாறு வருடத்தில் அதற்கு முன் மூன்று தடவை முயன்றிருக்கிறேன். மூன்றிலும் சேதாரம் எனக்குத்தான். இருந்தாலும் இந்த முறை என் பக்கம் தொழில்நுட்பம் இருந்தது.

இப்போது அவள் இல்லை. போய் ஐந்து வருடமாகிறது. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். இருந்திருந்தால் பாதியிலேயே பேனாவைப் பிடுங்கி மளிகை லிஸ்ட் எழுதச் சொல்லியிருப்பாள்.

சண்டைக்குக் காரணம் சின்ன அறை. ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகிற சாலையில் கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் வீடு. ஒரு ஹால், ஒரு சமையலறை, ஒரு சின்ன அறை. அந்த அறைக்கு இரண்டு கதவு. ஒன்று ஹாலிலிருந்து, இன்னொன்று பக்கத்துச் சந்திலிருந்து. உள்ளே முழுக்க என் புத்தகங்கள். அறுநூறு இருக்கும். எட்டாவதோடு பள்ளிக்கூடம் என்னைக் கைகழுவிவிட்டது. மீதிப் படிப்பை எடைக்கடைப் புத்தகங்களில்தான் படித்தேன். ஆகவே என் கணக்கில் அவை அறுநூறு வாத்தியார்கள். சந்திரம்மாள் கணக்கில் அது கரப்பான்பூச்சிக்கு நான் கட்டிக்கொடுத்த காலனி.

ஊரே கம்பெனிப் பெண்களுக்கு அறை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்த காலம். எதிர்வீட்டு மெர்சி மாட்டுக்கொட்டகைக்கே டைல்ஸ் போட்டு நாலு பேரைக் குடிவைத்துவிட்டாள். மாடு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தது. அடுத்து நான்தான் அந்த மாட்டுக்குப் பக்கத்தில் நிற்கப்போகிறேன் என்று தெரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாண்டிச்செல்வி என்று ஒரு பெண் அறை பார்க்க வந்தாள். சங்கரன்கோவில் பக்கம். ஸ்ரீபெரும்புதூரில் மொபைல் போன் கம்பெனியில் லைன் வேலை. அவளோடு இன்னும் இரண்டு பேர் தங்க வேண்டும்.

"ரூமு நல்லாத்தான் இருக்கு அத்தை. இந்தப் புஸ்தகத்தை எல்லாம் என்ன செய்வீய?"

"அதான்மா நானும் கேட்டுக்கினே கீறேன், இருவத்தாறு வருசமா."

"இதுக்குன்னே ஒரு மெஷின் வந்திருக்குல்லா. சிலேட்டு கணக்கா இருக்கும். ஆயிரம் புஸ்தகம் உள்ள அடங்கிரும்."

சந்திரம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் அறை காலியாகி, வெள்ளையடித்து, பால் காய்ச்சியாகிவிட்டது.

"கேட்டியாய்யா? ஆயிரமாம். உன்கிட்ட அறுநூறுதான். இன்னும் நானூறுக்கு எடம் கீது."

அந்த நொடியில்தான் எனக்கு அந்த யோசனை உதித்தது. வேண்டாம் என்று சொன்னால் தோற்றேன். வாங்கலாம் என்று சொன்னால்?

"வாங்கிடலாம் சந்திரா," என்றேன். "நீ சொல்லி நான் எதத் தட்டியிருக்கேன்? ஆனா கண்ட மெஷினும் ஒத்துவராது. எல்லா ஃபார்மட்டும் எடுக்கணும்."

"ஃபார்மட்டுனா இன்னா?"

"மின்புத்தகம் ஒரே மாதிரி இருக்காது. பிடிஎஃப்னு ஒண்ணு, இபப்னு ஒண்ணு, மோபின்னு ஒண்ணு. ஒரு மெஷின் ஒண்ண எடுத்தா இன்னொண்ண எடுக்காது. இட்லிப் பானை, ஆப்பச்சட்டி, பணியாரக்கல்லு எல்லாம் வேற வேறதானே? அந்த மாதிரி."

"எல்லாத்தையும் ஒரே சட்டியில சுடணும்ன்ற."

"ஆமா."

"அப்படி ஒரு சட்டி கெடையாதேய்யா."

"அதான் தேடணும். கெடைக்கிற வரைக்கும் அறை அப்படியே இருக்கட்டும்."

அவள் ஒரு நிமிடம் யோசித்தாள். "சரி, தேடு," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். இருபத்தாறு வருடத்தில் அவள் ஒரே வார்த்தையில் சம்மதித்தது அதுதான் முதல் தடவை. அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

நான் ஒரகடத்தில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். எங்கள் ஸ்டோரில் ஒரு சட்டம் உண்டு. சரக்கு வந்ததும் சோதனை முடிகிற வரை அதன்மேல் மஞ்சள் அட்டை தொங்கும். 'ஹோல்டு' என்று எழுதியிருக்கும். பாஸானால் பச்சை, தேறாவிட்டால் சிவப்பு. மஞ்சள் தொங்குகிற வரை அதை யாரும் தொடக் கூடாது. மேனேஜரானாலும் தொடக் கூடாது. ஸ்டோர் கீப்பரே தொடக் கூடாது. மறுநாளே ஒரு மஞ்சள் அட்டையைக் கொண்டுவந்து சின்ன அறையின் ஹால் கதவில் மாட்டினேன்.

"இன்னாய்யா இது, எலுமிச்சம்பழம் கட்டுற மாதிரி?"

"மெஷின் பாஸாகிற வரைக்கும் இந்த அறை ஹோல்டு. நீயும் தொடக் கூடாது, நானும் தொடக் கூடாது."

"நீயுமா?"

"சட்டம்னா சட்டம்தான்."

"சரி, தொடாத," என்றாள். மறுபடியும் ஒரே வார்த்தை.

நானும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவே இல்லை. போனால் அறையின் ஞாபகம் அவளுக்கு வந்துவிடும் என்று ராஜதந்திரமாக ஒதுங்கியிருந்தேன்.

பிறகு தொடங்கியது என் தேர்வு. இன்ஸ்பெக்ஷன் பிரிவு கோமதிநாயகத்தைப் பிடித்து முறையாக ஒரு சோதனைத் தாள் தயாரித்தேன். மொத்தம் ஒன்பது ஃபார்மட். ஒன்பதுக்கும் ஒவ்வொரு மாதிரி ஃபைல் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டேன். அதில் பாதி ஃபார்மட்டில் யாராவது உலகத்தில் தமிழ்ப் புத்தகம் போட்டிருக்கிறார்களா என்று எனக்குத் தெரியாது. அது என் கவலையும் இல்லை.

சாப்பாட்டு நேரத்தில் ஸ்டோர் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு மாடலாகப் படிப்பேன். வீட்டுக்கு வந்ததும் ஹாலில் கட்டிலில் சாய்ந்துகொண்டு தீர்ப்பு வாசிப்பேன்.

"இன்னிக்கு ஒண்ணு பாத்தேன் சந்திரா. எட்டு எடுக்குது. மோபி எடுக்கல. ரிஜெக்ட்."

"அடப்பாவமே."

எங்கள் இன்ஜினியர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து ஒன்று கொண்டுவந்திருந்தார். கெஞ்சி வாங்கிச் சோதித்தேன். பிடிஎஃப் திறந்தது. எழுத்தெல்லாம் சர்க்கரை மேல் எறும்பு மாதிரி. பெரிதாக்கினால் ஒரு வரியைப் படிக்க மெஷினை வலமும் இடமும் தள்ளிக்கொண்டே போக வேண்டும். ரிஜெக்ட். சென்னையில் ஒரு கடையில் பார்த்தது இங்கிலீஷில் வெளுத்து வாங்கியது. தமிழ் என்றதும் கட்டம் கட்டமாகக் காட்டியது. கைவிலங்கு போட்ட கைதிகளை வரிசையாக நிறுத்தின மாதிரி. ரிஜெக்ட்.

"இன்னும் நல்லா தேடுய்யா," என்பாள் சந்திரம்மாள், சூடாக டீயை நீட்டிக்கொண்டு. "அவசரப்பட்டு எதையாவது வாங்கிடாத."

புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை, மார்கழி எல்லாம் போயின. ஏமாற்றப்படுகிறோம் என்று தெரியாமலே ஒருத்தி எனக்கு டீ போட்டுக்கொடுக்கிறாளே என்று சில நாள் எனக்கே பரிதாபமாக இருந்தது. பாண்டிச்செல்வியைப் பார்த்தாலும் பாவமாக இருக்கும். காலையில் வந்து காபி குடித்துவிட்டுப் போவாள். தலையில் ஈரத்துண்டு கட்டியிருப்பாள். அறை கிடைக்காத ஏக்கத்தில் இந்தப் பெண் தினமும் இங்கே வந்து நிற்கிறதே என்று நினைத்துக்கொள்வேன்.

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பாண்டிச்செல்வி கையில் ஒரு தட்டையான பெட்டியோடு வந்து நின்றாள்.

"மாமா, இதைப் பாருங்க. லைன்ல என்கூட இருக்கிற புள்ளையோட டேப்லட்டு. புஸ்தகம் படிக்கதுக்குன்னு நாலஞ்சு ஆப் போட்டிருக்கேன். விக்கிறாளாம்."

சிரித்துக்கொண்டே பென்டிரைவை எடுத்துக்கொடுத்தேன். முதல் ஃபைல் திறந்தது. இரண்டாவது திறந்தது. மோபி திறந்தது. பிடிஎஃப்பில் எழுத்து புளியங்கொட்டை சைஸில் நின்றது. எட்டாவதில் எனக்கு வியர்த்தது. ஒன்பதாவது ஃபைல் தமிழ். கொம்பும் காலும் சரியான இடத்தில் உட்கார்ந்திருந்தன.

"பாஸாய்யா?" என்றாள் சந்திரம்மாள்.

நான் லேசான ஆளா? கடைசி அஸ்திரத்தை எடுத்தேன்.

"மெஷின் பாஸ். ஆனா என் புத்தகம் எதுவும் இந்த ஒன்பது ஃபார்மட்டுல இல்ல. எல்லாம் காகிதம். அறுநூறையும் பக்கம் பக்கமா உள்ள ஏத்தினாத்தான் அறை காலி. ஏத்த ஒரு பத்து வருசம் ஆகும்."

"அப்படியா?"

"நம்பலியா? வா, காட்டறேன், எத்தினி இருக்குன்னு." கதவுப் பக்கம் போனேன்.

"வேணாய்யா. தொறக்காத."

அவள் குரலில் பதற்றம். இருபத்தாறு வருடமாக நான் காத்திருந்த பதற்றம். தோற்றுவிட்டாள்! வெற்றிக்களிப்பில் மஞ்சள் அட்டையை ஒரே இழுப்பாக இழுத்துக் கதவைத் திறந்தேன்.

உள்ளே ஒரு புத்தகம் இல்லை. குறுக்கே கொடி கட்டி நீலக் கம்பெனிக் கோட்டு மூன்று தொங்கியது. சுவரில் கண்ணாடி, அதைச் சுற்றி ஸ்டிக்கர் பொட்டு. தரையில் மூன்று பாய். இரண்டில் நைட் ஷிப்ட் முடித்த இரண்டு பெண்கள் இழுத்துப் போர்த்தித் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"அத்தை! யாரோ ஒரு ஆளு கதவைத் தொறந்துட்டு நிக்காரு!"

கதவைச் சாத்தினேன். பாண்டிச்செல்வி டேப்லட்டைத் தீவிரமாகத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எப்ப வந்தாங்க?"

"பொரட்டாசி கடைசியில. சந்துக் கதவால போய் வந்துக்கினு கீதுங்க."

"ஹோல்டு அட்டை தொங்குதே!"

"அது தொங்குற தைரியத்துலதான்யா வெச்சேன். சட்டத்த நீ மீறமாட்டியே."

"என் புத்தகமெல்லாம்?"

"கட்டிலுக்குக் கீழ, பன்னெண்டு கோணியில. தெனம் அது மேல படுத்துக்கினுதான் மெஷினு கத சொன்ன."

கட்டில் விரிப்பைத் தூக்கிப் பார்த்தேன். பன்னிரண்டும் இருந்தன. நான் மெதுவாகக் கட்டிலில் உட்கார்ந்தேன். சந்திரம்மாளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் முகத்தில் நிஜமாகவே ஒரு வருத்தம் இருந்தது.

"நாலு மாசமா பயந்துக்கினே இருந்தேன்யா, படிக்க ஒரு புஸ்தகம் எடுக்கவாவது அந்தக் கதவத் தொறந்துடுவியோன்னு. நீதான் வரவே இல்ல."