தூக்குக்குண்டு சாரின் தேர்தல் வளைவு

நின்ற தேர்தலில் எல்லாம் தோற்று, நினைத்த காரியத்தை மட்டும் சாதித்த அரசியல்வாதி கல்கத்தாவில் ஒரே ஒருவர்தான். எங்கள் தூக்குக்குண்டு சார்.

தொழில் ஆர்க்கிடெக்ட். ஊர் திருநெல்வேலிப் பக்கம். சுவர் நேராக இருக்கிறதா என்று பார்க்கக் கொத்தனார்கள் நூலில் கட்டித் தொங்கவிடுவார்களே, அந்தக் குண்டு எந்நேரமும் அவர் சட்டைப் பையில் இருக்கும். கல்யாணத்துக்குப் போனாலும் பந்தல் காலில் அதைத் தொங்கவிட்டுப் பார்த்த பிறகுதான் இலைக்கு முன் உட்காருவார். நிஜப் பெயர் வாக்காளர் பட்டியலில் இருந்தது. எங்களுக்கு அது தேவைப்படவில்லை.

அறுபதுகளின் கடைசியில், காளிகாட்டில் ஒரு பழைய வீட்டின் மாடியில் நான் குடியிருந்தேன். பாங்கு வேலை, மனைவி, ஒரு கைக்குழந்தை. கீழே சார். மாடியில் தெருவைப் பார்த்து நீளமாக ஒரு பால்கனி. தசமியன்று துர்க்கை ஊர்வலம் பார்க்கப் பேட்டை ஜனம் முழுவதும் அதில்தான் ஏறி நிற்கும். ஒருநாள் சார் அதன் ஓரத்தில் குண்டைத் தொங்கவிட்டார். முகம் வெளுத்துவிட்டது.

"இது விழும்வே," என்றார். "எப்பன்னுதான் தெரியல."

முட்டுக் கொடுக்க அனுமதி கேட்டு வீட்டுக்கார பாபுவிடம் போனார். பாபு கொதித்துப்போனார். "மொஷாய், இது என் தாத்தா கட்டினது. தடி ஊன்றி நிற்க என் வீடென்ன கிழவனா?"

சார் எழுதாத ஆபீஸ் இல்லை. எங்கிருந்தும் பதில் வரவில்லை. கடைசியில் கார்ப்பரேஷன் தேர்தலில் சுயேச்சையாக நிற்கப்போவதாக அறிவித்துவிட்டார். "கவுன்சிலர் சொன்னா பாபு கேட்டுத்தான ஆவணும்?" என்றார். நான்தான் ஏஜெண்டு. சின்னம் ஏணி. படத்திலிருந்த ஏணிக்குப் படிகள் சம இடைவெளியில் இல்லை என்று, திருத்திய வரைபடத்தோடு தேர்தல் அதிகாரியிடம் மனுக் கொடுத்தார்.

பிரசாரம் என்றால் அவருக்கு வீடு வீடாகப் போய்க் குறை சொல்வது. ஓர் அம்மாள் அன்பாக டீ கொடுத்தார். "மாஷிமா, இந்தப் பரண யாரு கட்டுனது? அவனப் பிடிச்சு உள்ள போடணும்," என்றார் சார். கட்டியவர் அந்த அம்மாளின் கணவர், பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். மற்ற கட்சிக்காரர்கள் சுவரெல்லாம் கோஷம் எழுதினார்கள். சார் ஈரம் ஊறிய சுவர்களாகப் பார்த்து, 'இங்கே எழுதாதீர்கள், காரை உதிரும்' என்று எழுதி, கீழே ஏணி வரைந்தார். எதிரி வேட்பாளர் பேசிக்கொண்டிருந்த மேடை ஆடுகிறதென்று நாலு செங்கல்லோடு போய் அடியில் நுழைந்துவிட்டார். அந்த வேட்பாளர் நன்றி சொல்லி, இன்னும் ஒரு மணி நேரம் பேசினார்.

அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. எல்லாக் கட்சிகளும் தெருவில் மூங்கில் வளைவு வைத்திருந்தன. சாரும் ஒரு வளைவுக்குப் பாபுவிடம் இடம் கேட்டார். "வளைவா? தாராளமாக! என் வாசலுக்குத்தானே கௌரவம்!" என்றார் பாபு.

மற்றவர்களின் வளைவுக்கு நாலு மூங்கில். சாருடைய வளைவுக்கு இருபத்துநாலு சால் மரக் கட்டைகள், பால்கனியின் அடிவயிற்றை முட்டிக்கொண்டு. நடுவில், சிரிக்கத் தெரியாத அவர் படம். யானை மேல் ஏறியா ஓட்டுக் கேட்கப் போகிறார் என்று தெருவே சிரித்தது. விஷயம் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

டெபாசிட் போயிற்று. மறுநாள் பேட்டை கிளப் பையன்கள் வளைவைப் பிரிக்க வந்தார்கள்.

"தோத்துட்டீங்களே தாதா, இன்னும் எதுக்கு இது?"

"அடுத்த தேர்தலுக்கு."

"ஆட்சி கவிழ்ந்தாத்தானே தேர்தல்?"

"கவிழும். எனக்கு விரிசல் பார்த்தாத் தெரியும்."

பையன்கள் சிரித்துக்கொண்டே போய்விட்டார்கள்.

அந்த வருஷம் தசமி சாயங்காலம் பால்கனியில் நிற்க இடமில்லை. நான் தலைப்பாடாக அடித்துக்கொண்டும் கேட்காமல் என் மனைவியும் குழந்தையோடு அங்கேதான். சாரும் நானும் வளைவுக்கு அடியில். மேளச் சத்தத்துக்கு நடுவே 'கிறீச்' என்று ஒரு சத்தம். ஒரு கைப்பிடிக் காரை சார் தலையில் உதிர்ந்தது. பால்கனி ஒரு விரற்கடை இறங்கி, வளைவின் மேல் உட்கார்ந்தது.

நான் வாயைத் திறந்தேன். சார் பொத்தினார். "கத்தாதீரும்வே! பயந்து ஒரே பக்கமா ஓடினா எல்லாம் போச்சு. ஓடிப்போயி சந்தேஷ் வாங்கிட்டு வாரும்!"

பிறகு மேலே பார்த்துக் கை தட்டினார். "ஏணிச் சின்னம் சார்பா இனிப்பு! ரெண்டு ரெண்டு பேரா இறங்கி வாங்க!"

தோற்ற பிறகு இனிப்புக் கொடுக்கும் வேட்பாளரை யாரும் பார்த்ததில்லை. சந்தேஷ் தீர்வதற்குள் பால்கனி காலி. கடைசியாக வந்த என் மனைவி, "தோத்ததுக்கே இப்படிக் கொண்டாடுறாரே!" என்றாள். நான் குழந்தையை வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் பாபு வந்து பால்கனியை அண்ணாந்து பார்த்தார். சாரின் படத்தைப் பார்த்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அடுத்த தேர்தலிலும் நிற்பீர்கள்தானே, மொஷாய்?" என்று கேட்டார்.

சார் இன்னும் பன்னிரண்டு கட்டைகளைச் சேர்த்தார். "இப்ப யானையே நடக்கலாம்வே," என்றார். அவர் சொன்னபடி ஆட்சியும் கவிழ்ந்தது. சட்டசபைக்கு நின்றார், தோற்றார். பார்லிமெண்டுக்கு நின்றார், இன்னும் நன்றாகத் தோற்றார். அதற்குப் பிறகு பாபுவே இரும்பு உத்தரம் போட்டார். தாத்தாவின் பிளானிலேயே அது இருந்ததாம், கொத்தனார் மறந்துவிட்டானாம். சார் குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தார். தலையை ஆட்டினார். தன் கையாலேயே வளைவைப் பிரித்துவிட்டு, அரசியலிலிருந்து ஓய்வு பெறுவதாக என் ஒருவனிடம் அறிவித்தார்.

அவர் கவுன்சிலரும் ஆகவில்லை, பார்லிமெண்டையும் பார்க்கவில்லை. ஆனால் என் மகள் நடை பழகியது அந்தப் பால்கனியில்தான். அடியில், வளைவின் நடுவிலிருந்து, சார் சிரிக்காமல் தாங்கிக்கொண்டிருந்தார்.