இரண்டே வாரத்துக்கு

அச்சம் என்னும் பெருநோயை உலகிலேயே முதன்முதலில் வென்ற அலுவலகம் எங்களுடையதுதான் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன். லிப்டுகளுக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் வழங்குவது எங்கள் திருப்பணி. நான் அங்கே ஆய்வாளர். லிப்டை நேரில் போய்ப் பார்ப்பது பழைய முறை. பார்க்காத லிப்டைப் போன மாதமே பார்த்துவிட்டதாக முன்தேதி போட்டு, இருக்கையில் இருந்தபடியே கையெழுத்திடுவது 'நவீன முறை'.

நான்கு வருடத்துக்கு முன் இந்த நவீன முறைக்கு என் கை ஒத்துழைக்க மறுத்தது. பேனாவைத் தொட்டாலே நடுக்கம். கண்ணை மூடினால் கயிறு அறுந்து லிப்ட் விழுந்தது. மேலதிகாரி மிகுந்த கருணையோடு என்னை டாக்டரிடம் அனுப்பினார்.

"எதுக்குப் பயப்படுறீங்க?" என்றார் டாக்டர்.

"பாக்காத லிப்டுக்கெல்லாம் கையெழுத்துப் போடுறேன், டாக்டர்."

"அதெல்லாம் நமக்கெதுக்கு? பயம்தான் வியாதி. தினம் ஒண்ணு. ரெண்டே வாரம்."

மாத்திரைச் சீட்டை எழுதி நீட்டினார். அற்புதம்! மூன்றாம் நாளே கை கல்லு மாதிரி நின்றது. ஒரே மூச்சில் நாற்பது சான்றிதழ். கூட்டத்தில் எனக்கு 'நிதானத்தின் சிகரம்' என்று பட்டமே கொடுத்தார்கள். இரண்டு வாரம் நான்கு வருடமானது. ஒரு மாத்திரை மூன்றானது.

என் மனைவிக்குத்தான் இந்த வளர்ச்சி பிடிக்கவில்லை. போன மாதம் மகள் மாடிப்படியில் உருண்டு விழுந்தாள். நெற்றியெல்லாம் ரத்தம். நான் காபியைக் குடித்து முடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் போய்ப் பார்த்தேன்.

"பெத்த பொண்ணுங்க அது! பதறக்கூட வராதா உங்களுக்கு? இன்னையோட அந்தக் கருமத்தை விட்டுத் தொலைங்க!" என்று அழுதாள்.

விட்டேன். மறுநாளே உடம்பு உதறியது. மூன்று நாள் பொட்டுத் தூக்கமில்லை. நெஞ்சு படபடவென்று அடித்தது. ஆனால் மகளின் நெற்றித் தையலைப் பார்த்து அப்போதுதான் ஓவென்று அழுதேன். நான்காம் நாள் தாங்க முடியாமல் டாக்டரிடம் ஓடினேன்.

"பாத்தீங்களா? நிறுத்தினதும் வியாதி திரும்பிடுச்சு!"

"மாத்திரையை விட்டதால வந்த நடுக்கமா இருக்காதா, டாக்டர்?"

"டாக்டர் நீங்களா, நானா?" என்று மூன்றை நான்காக்கினார். அங்கேயே இரண்டை விழுங்கினேன். பரம சாந்தி.

அது மதியச் சாப்பாட்டு நேரம். அவர் கிளினிக் இருந்த ஏழாவது மாடியிலிருந்து இருவரும் ஒன்றாகவே லிப்டில் இறங்கினோம். நான்காவது மாடி தாண்டியதும் ஒரு குலுக்கல். லிப்ட் நின்றது. விளக்கு அணைந்தது. தலைக்கு மேலே கயிறு கிரீச்சிட்டது.

"லிப்ட்... நல்ல லிப்ட்தானே?" டாக்டர் இருட்டில் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"சான்றிதழ் பக்காவா இருக்கு. நான்தான் போட்டேன்."

"பாத்துட்டுத்தானே போட்டீங்க?"

"இல்ல. உங்க மாத்திரையைப் போட்டுட்டுப் போட்டேன்."

டாக்டர் கதவை ஓங்கி ஓங்கித் தட்டினார். கை வெடவெடவென்று ஆடியது. பாவம், பார்க்கச் சகிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினேன்.

"பயம்தான் வியாதி, டாக்டர். தினம் ஒண்ணு. ரெண்டே வாரம்."

"ஐயையோ, எனக்கு வேண்டாம்யா! அதைத் தொட்டா அப்புறம் விடவே முடியாது!"

ஆகா, எவ்வளவு தெளிவான மருத்துவ ஆலோசனை! நான்கு வருடம் காத்திருந்தது வீண்போகவில்லை.

"ரொம்ப நல்லது, டாக்டர். உசுரோட கீழ போய்ச் சேந்தா, இப்ப சொன்னதை அப்படியே ஒரு சீட்டுல எழுதிக் குடுங்க. நாலு வருஷம் முன்தேதி போட்டு."