மாட்டுங்கா மாமாவும் ஒரு பக்திப் படமும்

அறுபதுகளில் பம்பாயில் ஃபிலிம் சொசைட்டியில் சேர்ந்த எல்லோரும் கலைக்காகத்தான் சேர்ந்தோம். அதாவது, சென்சார் கத்தரி வைக்காத கலைக்காக. (சொசைட்டிப் படங்களுக்கு அப்போது அந்தச் சலுகை இருந்தது.) நான் தாடி வளர்த்தேன். ஜிப்பா போட்டேன். புரியாத படம் முடிந்ததும் எல்லோருக்கும் முந்திப் பெருமூச்சு விடப் பழகினேன்.

அந்தச் சமயத்தில்தான் மாட்டுங்காவில் சுந்தரம் மாமாவின் பெண்ணை எனக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். மாமா பஜனை மண்டலித் தலைவர். ஒருநாள் என் அறைக்கு வந்தவர், மேஜையில் கிடந்த சொசைட்டி நோட்டீஸை எடுத்து உரக்க வாசித்தார். "எ ஸ்டோரி ஆஃப் லவ் அண்டு டிவோஷன்... அன்பும் பக்தியும்! பேஷ். இந்த வயசுல உனக்கு இப்படி ஒரு ருசியா? நாங்களும் வரோம்."

"மாமா, அது ஐரோப்பாப் படம்..."

"பக்திக்கு பாஷை ஏதுடா?"

சொசைட்டியில் சொல்லி மூன்று விருந்தாளிச் சீட்டு வாங்கிவிட்டேன். என்னை ஒருவர் உயர்வாக நினைத்தது அதுதான் முதல் தடவை.

ஞாயிற்றுக்கிழமை மாமா, மாமி, பெண் மூவரும் என் வரிசையிலேயே உட்கார்ந்தார்கள். முதல் அரைமணி நேரம் ஆண்டவன் என் கட்சி. போருக்குப் போன காதலனுக்காக நாயகி மாதாகோவிலில் மெழுகுவத்தி ஏற்றினாள். மாமி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு காதலன் திரும்பி வந்து தொலைத்தான். நாயகி ஏரிக்கரைக்குப் போய், உடைகளை ஒவ்வொன்றாகக் களைந்து மடித்து வைத்தாள். (நிதானமாக மடித்தாள். கலைப்படம் அல்லவா!)

"என்னடா இது?" என்றார் மாமா.

"ஜீவாத்மா, மாமா. பற்றையெல்லாம் துறக்கறது."

காதலனும் தண்ணீரில் இறங்கினான்.

"இவன் யாரு?"

"பரமாத்மா."

இருட்டில் பெண் களுக்கென்று சிரித்தாள். மாமி அவள் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "கிளம்புங்கோன்னா! கர்மம், கர்மம்!"

"நீங்க போங்கோ," என்றார் மாமா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "பாதியில எழுந்துண்டா கதை புரியாது."

மறுநாளே தரகர் வந்தார். பையனின் நடத்தை சரியில்லை, சம்பந்தம் வேண்டாம் என்று மாமா சொல்லியனுப்பியிருந்தார்.

அடுத்த மாதம் தியேட்டர் வாசலில், பம்பாய்ப் புழுக்கத்தில் மஃப்ளரால் முகத்தைச் சுற்றிக்கொண்டு ஒருவர் நின்றார். கையில் புத்தம்புதிய உறுப்பினர் அட்டை. "மாமிகிட்ட சொல்லிடாதேடா" என்றார் சுந்தரம் மாமா.

எனக்குச் செம்பூரில் வேறு இடம் அமைந்தது. எங்கள் கல்யாணம் எப்படிக் கூடியது என்று யாராவது கேட்டால், இன்றும் என் மனைவி முகம் மாறாமல் சொல்வாள்: "எவளோ ஒரு வெள்ளைக்காரி ஏரியில குளிச்சா. நான் மாட்டிண்டேன்."