பைரவ சித்தரும் மூன்று பொட்டலங்களும்

வெள்ளிக்கிழமை வந்தால் பன்வில ஊருக்குப் போகும் பஸ்ஸில் நிற்க இடம் கிடைக்காது. வத்தேகமவிலிருந்தும் கண்டியிலிருந்தும் சனம் வந்து குவிந்தது. இலவசமாக அரிசி கொடுத்தால்கூட அவ்வளவு கூட்டம் வராது. அங்கே கொடுத்தது அரிசியல்ல, புகை. கொடுத்தவர் பைரவ சித்தர்.

ஆறாத புண்ணெல்லாம் நாய் தந்தது என்பது அவர் கண்டுபிடிப்பு. மனிதப் புண்ணின் பொருக்கு ஒரு வாழைச் சருகில், நாய்ப் புண்ணின் பொருக்கு இன்னொரு சருகில் எனப் பொட்டலம் கட்டிக் கொண்டுபோக வேண்டும். பிரித்துப் பார்த்தால் தோஷமாம். அப்படியே இரண்டு தணலில் போடுவார். புகை இரண்டும் சேர்ந்தால் அந்த நாய்தான் குற்றவாளி. அதைச் சித்தரிடம் விட்டுவிட வேண்டும், பைரவர் அழைத்துக்கொள்வார். சித்தர் கையில் ஒரு விசிறி இருந்ததை யாரும் பொருட்படுத்தவில்லை. சொறிநாய் ஒன்றுகூட இதுவரை குற்றவாளி ஆகவில்லை. அகப்பட்டதெல்லாம் கொழுத்த வேட்டை நாய்கள். பைரவருக்கு நல்ல ரசனை.

தேயிலைத் தோட்டத்துக் காவல்காரன் அழகமுத்துவின் கன்னத்தில் மூன்று மாதமாக ஒரு புண். அவன் நாய் வெள்ளையன் காதிலும் ஒரு பொருக்கு. நாய் போனால் காவல் வேலையும் போகும். ஆனாலும் மனைவி இரத்தினம்மா, சித்தரிடம் போகச் சொல்லி நச்சரித்தாள். அழகமுத்து முதலில் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் லோரன்ஸிடம் போனான்.

"இது நாயாலதான் வந்துச்சாங்க, ஐயா?"

"தெரியாது."

அழகமுத்து அசந்துபோனான். படித்தவர் வாயில் அப்படியொரு சொல்லை அவன் கேட்டதே இல்லை.

"வெளிநாட்டுல ஆறாத புண்ணைக் குடுக்குற கிருமி ஒண்ணு இருக்கு. நாய்க்கும் அதே மாதிரி ஒண்ணு வருது. பூதக்கண்ணாடியில பார்த்தா ரெண்டும் ஒரே அச்சு. ஒரே இனமா, வேற வேற இனமான்னு பெரிய டாக்டர்மாரே இன்னும் அடிச்சுக்கிறாங்க. ஒன் புண்ணு அதுதானான்னே எனக்குத் தெரியாது. கண்டி ஆஸ்பத்திரியில காட்டணும்."

"சித்தருக்குத் தெரியுதுங்களே?"

"அப்பிடியா? பொட்டலத்த நானே கட்டித் தர்றேன்."

வெள்ளிக்கிழமை சித்தர் வெள்ளையனின் நெஞ்சைப் பார்த்தார், காலைப் பார்த்தார், பல்லையும் பார்த்தார். புண்ணைப் பார்க்கவில்லை. பொட்டலங்கள் தணலில் விழுந்தன. விசிறி அசைந்தது. புகை சேர்ந்தது.

"இதே நாய்தான்! ரெண்டு புண்ணும் ஒரே வெஷம்!"

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. அழகமுத்து நாய்க் கயிற்றைக் கையில் இறுக்கிச் சுற்றிக்கொண்டான்.

கூட்டத்தோடு நின்றிருந்த லோரன்ஸ் முன்னால் வந்தார். மூன்றாவது பொட்டலம் ஒன்றைப் பிரித்துத் தரையில் வைத்தார். வெள்ளையன் முகர்ந்தது, வாலை ஆட்டியது, நக்கித் தின்றது.

"என் வீட்டுச் சோத்துப் பானையில அடிப்பிடிச்ச காந்தல். மூணு பொட்டலத்துலயும் இதுதான். இதுல மனுசப் புண்ணு எது, நாய்ப் புண்ணு எது, சாமி?"

சித்தர் சற்று யோசித்தார். "அப்பிடின்னா தோஷம் பானையிலதான்," என்றார்.

பாதிக் கூட்டம் தலையாட்டியது. அப்போது வத்தேகமக் கடைக்காரர் ஹாஷிம் எழுந்தார்.

"பைரவர் கூட்டிப்போன நாய் ரெண்டு புசல்லாவையில வேட்டைக்காரர் வீட்டுல கட்டிக் கெடக்கு. போன கிழமை என் கண்ணால கண்டேன். இவர்தான் வித்தாராம்."

ஆடிக்கொண்டிருந்த தலைகள் நின்றன. நாயைப் பறிகொடுத்தவர்கள் எழுந்தார்கள். சித்தர் பஸ்ஸுக்குக் காத்திருக்கவில்லை.

அழகமுத்து கண்டி ஆஸ்பத்திரிக்குப் போய்வருகிறான். புண் இன்னதென்று இன்னும் தெரியவில்லை. மருந்து போடுகிறார்கள், பார்க்கிறார்கள். வெள்ளையன் காவலில் இருக்கிறது. யார் எதைக் கொடுத்தாலும் முகர்ந்து பார்த்த பிறகுதான் வாய் வைக்கிறது. நமக்கும் மூக்கு இருக்கிறது. மூக்குப்பொடி போட மட்டும்தானா?