கெங்கவல்லி, வழி காயல்பட்டினம்

ஆத்தூர் ஜவ்வரிசி மண்டி சமியுல்லா தம்முடைய அறுபத்தோராவது வயதில் அரபு வம்சத்தவர் ஆனார். அதற்கு முந்தைய அறுபது வருஷமும் அவர் ஆத்தூர்க்காரராகத்தான் இருந்தார். அதில் யாருக்கும் ஒரு குறையும் தெரியவில்லை, அவருக்குத் தவிர.

மண்டியை மகன் ஷாஹுலிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்தவருக்கு வாசிப்பு ஒன்றுதான் வேலை. கல்வெட்டு, கப்பல் வாணிகம், படையெடுப்பு என்று அலமாரி நிரம்பி வழிந்தது. அச்சில் வந்ததை நம்புவார். அச்சில் வராதது எதிரே வந்து நின்று சலாம் சொன்னாலும் நம்பமாட்டார். அரபு நாட்டுக் குதிரை வணிகர்கள் தென்கடற்கரையில் வந்து இறங்கிய பக்கத்தைப் படித்த அன்று, எழுந்து போய்க் கண்ணாடி முன் நின்று தம் மூக்கைப் பக்கவாட்டில் பார்த்தார். மிச்சமிருந்த சந்தேகமும் தீர்ந்தது. அதே மூக்குக்கு முப்பத்தொரு வருஷமாக நொச்சி இலை போட்டு ஆவி பிடிக்க வைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி ஹஃப்சாவுக்கு மட்டும் அதில் கடல் வாணிகம் எதுவும் தட்டுப்பட்டதில்லை.

ஆனால் கதை அந்த மூக்கிலிருந்து தொடங்கவில்லை. ஹஃப்சாவின் ஒரு வேண்டுகோளிலிருந்து தொடங்கியது.

ஹஃப்சாவின் பிறந்த ஊர் கெங்கவல்லி. ஆத்தூரில் பஸ் ஏறினால் முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணி நேரத்தை ஒரு பெருநாளுக்கும் அவள் கடந்ததில்லை. பெருநாளுக்கு மறுநாளோ அதற்கு மறுநாளோ சமியுல்லா அவளைக் கூட்டிக்கொண்டு போவார். மாமனார் வீட்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து தேநீர் குடிப்பார். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று நாலு மணிக்கே எழுந்துவிடுவார். கடைசி பஸ் ஒன்பதரைக்கு. மாமனாரும் மாமியாரும் போய்ச் சேர்ந்த பிறகு அந்த வீட்டில் இருப்பது ஹஃப்சாவின் தம்பி உசேன் ஒருவன்தான். பெண்டாட்டியை இழந்தவன். ஒரே மகன் மஸ்கட்டில். போன ரெண்டு பெருநாளும் தானே பொங்கித் தானே தின்றான். இந்த பக்ரீத்தாவது தம்பியோடு இருக்க வேண்டும் என்று ஹஃப்சா கேட்டாள்.

சமியுல்லா மறுப்பவர் அல்லர். மறுப்பதற்குக் கொள்கை வைத்திருப்பவர். பெருநாள் என்பது பூர்வீக மண்ணில் கொண்டாட வேண்டியது என்றார்.

"ஆத்தூர்தான் நம்ம பூர்வீகமாங்க?" என்று கேட்டாள் ஹஃப்சா.

இந்தக் கேள்விக்காக அவர் மூன்று மாதமாகக் காத்திருந்தார். ஆத்தூர் வெறும் தங்கல்தான், தாத்தா காதர் மொய்தீன் வழியில் நின்ற இடம், அவ்வளவே என்றார். அதற்கு ஆதாரமும் இருந்தது. ஒவ்வொரு கல்யாணத்தையும் ஜமாஅத்தில் எழுதி வைக்கும் நிக்காஹ் தஃப்தர் ஆத்தூர்ப் பள்ளிவாசலில் நூறு வருஷத்துக்கு இருக்கிறது. இரண்டு வாரம் தும்மிக்கொண்டே ஒரு பக்கம் விடாமல் பார்த்தாராம். அப்பா கல்யாணம் இருந்தது, சித்தப்பா கல்யாணம் இருந்தது, தாத்தா கல்யாணம் மட்டும் இல்லை. ஆகவே தாத்தா கல்யாணமான பிறகே இந்தப் பக்கம் வந்திருக்கிறார். எங்கிருந்து வந்திருப்பார்? கடற்கரையிலிருந்து. கடற்கரைக்கு எங்கிருந்து? அதை மூக்கு சொல்லும்.

ஹஃப்சா பொறுமையாகக் கேட்டாள். பிறகு, அந்தப் பூர்வீக ஊர் எதுவென்று தெரிந்துவிட்டால் பெருநாளுக்கு அங்கேதான் போவோமா என்று கேட்டாள்.

"அதுல என்ன சந்தேகம்?"

"எந்த ஊரா இருந்தாலும்?"

"ஏழு கடல் தாண்டி இருந்தாலும்."

"அப்ப குரூப்ல போட்டுருங்க. நாலு பேருக்குத் தெரிஞ்சா நல்லதுதானே."

'காதர் மொய்தீன் குடும்பத்தார்' என்ற அந்த வாட்ஸாப் குழுவில் எண்பத்தேழு பேர். பூர்வீகம் எந்த ஊரோ அந்த ஊரில்தான் இவ்வருட பக்ரீத் என்றும், பத்து நாளுக்குக் குறையாமல் தங்குவதாக உத்தேசம் என்றும் சமியுல்லா அறிவித்தார். 'இன்ஷா அல்லாஹ்' என்று முடித்தார். மனைவி தன் பேச்சை இவ்வளவு மதித்து வெகு நாளாயிற்று என்ற மகிழ்ச்சியில் அவருக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

அடுத்த வாரம் இருவரும் காயல்பட்டினம் போனார்கள். மூன்று நாள், நானூற்றுப் பன்னிரண்டு படம். பெரும்பாலானவற்றை எடுத்தவள் ஹஃப்சா. ஆகையால் எதிலும் அவள் இல்லை. சமியுல்லா கடலைப் பார்த்தபடி நின்றார். கடலுக்கு முதுகு காட்டி நின்றார். யாரோ ஒருவருடைய கதவில் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடி நின்றார். அந்த வீட்டுக்காரர் கதவைத் திறந்து என்ன வேண்டும் என்று கேட்ட பிறகுதான் கண்ணைத் திறந்தார்.

படங்கள் உடனுக்குடன் குழுவுக்குப் போயின. ஒவ்வொன்றுக்கும் கீழே விளக்கம் உண்டு. 'என் முன்னோர் இறங்கிய கரை' என்று ஆரம்பித்தது, மறுநாள் 'என் முன்னோர் பார்த்திருக்கக்கூடிய அலை' என்று நிதானப்பட்டது. மூன்றாம் நாள் 'என் முன்னோர் இருந்திருந்தால் குடித்திருக்கக்கூடிய தேநீர்' என்பதில் வந்து நின்றது. ஆராய்ச்சியாளருக்குரிய எச்சரிக்கை அது.

கதவுக்கார வீட்டுப் பெரியவர் நல்ல மனிதர். உள்ளே உட்கார வைத்து, எந்தத் தெரு, யார் வீட்டுப் பிள்ளை, தாய்வழி யார் என்று விசாரித்தார். எதற்கும் சமியுல்லாவிடம் பதிலில்லை. காதர் மொய்தீன் என்ற பெயர் மட்டும் இருந்தது. அந்தப் பெயரில் இந்தத் தெருவிலேயே ஆறு பேர் என்று பெரியவர் வருத்தத்தோடு சொல்லிவிட்டு, வெறும் வயிற்றோடு அனுப்பக்கூடாதென்று மீன் குழம்பும் சோறும் போட்டார். 'உறவினர் இல்லத்தில் விருந்து' என்று அந்தப் படம் குழுவுக்குப் போயிற்று.

ஊர் திரும்பிய மறுநாள், அவர் சட்டைப் பைகளிலிருந்து கடல் மணலைக் கொல்லையில் உதறிக்கொண்டே ஹஃப்சா கேட்டாள்.

"ஏங்க, நம்ம நிக்காஹ்வ எந்தப் பள்ளிவாசல்ல எழுதுனாங்க?"

"உங்க ஊர்லதான். கெங்கவல்லியில."

"ஏன், ஆத்தூர்ல எழுதக்கூடாதா?"

இதென்ன கேள்வி என்று அவர் சிரித்தார். நிக்காஹ் பெண் வீட்டில் நடக்கும், பெண் ஊர் ஜமாஅத்தில்தான் எழுதுவார்கள், மாப்பிள்ளை ஊர்த் தஃப்தரில் எப்படி... என்று பாதி சொல்லும்போதே சிரிப்பு நின்றது.

ஹஃப்சா அடுத்த சட்டையை எடுத்து உதறினாள்.

"உங்க பாட்டி எந்த ஊருங்க?"

அவருக்குத் தெரியவில்லை. தாத்தாவை ஏழு கடலுக்கு அப்பால் தேடியவர் பாட்டியை அடுத்த தாலுகாவில்கூடத் தேடியதில்லை. அவர் படித்த வரலாறுகளில் பாட்டிகளுக்கு ஊர் இருந்ததில்லை. மைமூன் பீவி என்ற பெயர் தெரியும், அவ்வளவுதான். கெங்கவல்லித் தஃப்தரையும் ஒரு எட்டு பார்த்துவிடலாமே, உசேன்தான் அங்கே ஜமாஅத் செயலாளர், போன் பண்ணிச் சொல்லிவிட்டேன் என்றாள் ஹஃப்சா. எப்போது சொன்னாள் என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை.

பள்ளிவாசல் அறையில் உசேன் இரும்புப் பெட்டியிலிருந்து தஃப்தரை எடுத்து மேசைமேல் வைத்திருந்தான். ஒரு பக்கத்தில் அடையாளக் காகிதம் செருகியிருந்தது. காகிதம் பழுத்து மஞ்சளாகி இருந்ததைச் சமியுல்லா கவனித்தார். கவனித்ததைப் பிறகு யோசிக்கலாம் என்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்று. பக்கத்தின் தலையில் 'கெங்கவல்லி ஜமாஅத்'. மணமகள் மைமூன் பீவி. மணமகன் காதர் மொய்தீன். அதற்குப் பக்கத்தில் மணமகனின் சொந்த ஊர் என்ற கட்டத்தில் ஒரே ஒரு சொல். உசேனால் அதை எழுத்துக்கூட்டத்தான் முடிந்தது, பொருள் தெரியவில்லை. மச்சான்தான் படித்தவர் என்று தஃப்தரை அவர் பக்கம் நகர்த்தினான்.

அந்த அறையில் அந்தச் சொல்லுக்குப் பொருள் தெரிந்தவர் சமியுல்லா ஒருவர்தான். தெரியாமல் இருந்திருக்கலாம்.

"மஜ்கூர்," என்று படித்தார். "பழைய பத்திரத்துல எல்லாம் வரும். மேலே சொன்ன அதே ஊர்னு அர்த்தம்."

"மேலே என்ன ஊருங்க போட்டிருக்கு?" என்று ஹஃப்சா அடக்கமாகக் கேட்டாள்.

அவர் மேலே பார்க்கவில்லை. மனைவியைப் பார்த்தார். அவள் போனை எடுத்து, வெளிச்சம் விழும்படி தஃப்தரைச் சற்றுத் திருப்பி, ஒரு படம் எடுத்தாள். அந்தக் குழுவில் அவள் பகிர்ந்த முதல் படம் அது. 'பூர்வீகம் கிடைத்துவிட்டது' என்று எழுதி, கீழேயே அவருடைய பழைய அறிவிப்பைத் தேடி எடுத்து மறுபடி போட்டாள். பத்து நாள் என்ற இடமும் இன்ஷா அல்லாஹ்வும் அப்படியே இருந்தன.

திரும்பும் பஸ்ஸில் பாதி வழி வந்ததும் சமியுல்லா, உனக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டார்.

"பொண்ணு கேட்டு வந்தப்பவே. பொண்ணு குடுக்கிறவங்க விசாரிக்காமக் குடுப்பாங்களா? எங்க அத்தா உங்க பாட்டி பேரை வச்சுத் தேடி எடுத்துட்டாரு. ஒரு சாயங்காலந்தான் ஆச்சு."

இரண்டு வாரத் தும்மல் சமியுல்லாவுக்கு நினைவு வந்தது.

"என்ன சொன்னாரு?"

"நம்ம ஊருப் பிள்ளைதான், நல்லா வந்து போய் இருக்கும்னு சொல்லித்தான் சம்மதிச்சாரு." ஹஃப்சா முந்தானையை இழுத்துத் தலைமேல் சரிசெய்துகொண்டாள். "மௌத்தாகிற வரைக்கும் ஒவ்வொரு பெருநாளுக்கும் ரெண்டு தட்டு கூட வச்சாரு. அம்மா திட்டும்."

குதிரை வணிகர்களின் வாரிசு நாலு மணிக்கே எழுந்துகொண்ட நாள்களையெல்லாம் மனத்துக்குள் எண்ணிப் பார்த்தார். ஏன் முன்பே சொல்லவில்லை என்று அவளிடம் கேட்டபோது அவர் குரல் அவருக்கே பிடிக்கவில்லை.

"சொன்னா நம்பியிருப்பீங்களா? நீங்களாத் தேடிக் கண்டுபிடிச்சாத்தானே உங்களுக்கு உண்மை. அதான் விட்டுட்டேன்." பஸ் டிக்கெட்டை நாலாக மடித்துக்கொண்டே, "காயல்பட்டினம் வரைக்கும் போவீங்கன்னு நெனைக்கல," என்றாள்.

பக்ரீத்துக்கு முதல் நாளே கெங்கவல்லிக்குப் போய்விட்டார்கள். சமியுல்லா இரண்டு பெட்டியோடு போனார். நாற்காலியில் இந்தத் தடவை நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். மாப்பிள்ளை முதன்முதலாகப் பெருநாளுக்கு வந்திருக்கிறார், ஊரே என்ன செய்யப் போகிறதோ என்று ஒரு கூச்சம்கூட இருந்தது. மாப்பிள்ளைக்கென்று ஈரலைத் தனியாக எடுத்து மிளகு போட்டு வறுப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். வேண்டாம் என்று எத்தனை தடவை சொல்வது, எத்தனையாவது தடவை இணங்குவது என்றுகூட யோசித்து வைத்திருந்தார்.

பெருநாள் தொழுகை முடிந்து, குர்பானி முடிந்து, கறியை மூன்று பங்காகப் பிரிக்க ஆட்கள் உட்கார்ந்தார்கள். உசேன் வந்து அவர் எதிரே ஒரு பலகையையும் கத்தியையும் வைத்தான்.

"எனக்கா?"

"மாப்பிள்ளைன்னா உக்கார வச்சுப் பரிமாறலாம் மச்சான். நீங்க தஃப்தர்படி நம்ம ஊருக்காரரா ஆயிட்டீங்களே. ஊருக்காரங்க சும்மா உக்காந்திருந்தா ஜமாஅத்துல பேசுவாங்க."

விருந்தாளி யார் என்று சமியுல்லா கேட்டார். உசேன் கூடத்தைக் காட்டினான். கட்டிக்கொடுத்து வேற்றூருக்குப் போன பெண் பெருநாளுக்கு வந்திருக்கிறாள், அவளைவிட விருந்தாளி யார்? கூடத்துக் கட்டிலில் இரண்டு தலையணையில் சாய்ந்து ஹஃப்சா உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் சுற்றி இருந்தார்கள். அவள் கையில் ஒரு கிண்ணம். அதில் மிளகு போட்டு வறுத்த ஈரல்.

வெட்டி முடித்த பிறகு பங்குப் பைகளை வீடு வீடாகக் கொடுக்க வேண்டியிருந்தது. முப்பத்திரண்டு வீடு. எந்தப் புத்தகத்திலும் இல்லாத தெருக்கள். ஒவ்வொரு வாசலிலும் நிறுத்தி விசாரித்தார்கள், யார் வீட்டுப் பிள்ளை என்று. காயல்பட்டினத்தில் வாயடைத்துப் போனவருக்கு இங்கே முதல் வீட்டில் பதில் திக்கியது. பத்தாவது வீட்டில் சரளமாக வந்தது. மைமூன் பீவி பேரன், ஹஃப்சா வீட்டுக்காரர். இருபதாவது வீட்டில் ஒரு முதியவர் அவர் முகத்தை உற்றுப் பார்த்து, மூக்கு அப்படியே தக்கடிக்காரர் வீட்டு மூக்கு என்றார். அந்தக் குடும்பம் தலைமுறை தலைமுறையாகச் சந்தையில் புளி எடை போட்டதாம்.

வெயிலில் வியர்த்து வழிய அவர் திரும்பி வந்தபோது பெண்கள் கலைந்திருந்தார்கள். உசேன் அடுப்படியில் அக்கா சொன்ன பக்குவத்தில் எதையோ கிளறிக்கொண்டிருந்தான், வாய்க்குள் பாடிக்கொண்டே. ஹஃப்சா கட்டிலில் தூங்கிவிட்டிருந்தாள். முப்பத்தொரு வருஷத்தில் பகலில் அவள் தூங்கி அவர் பார்த்ததில்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது. நெற்றியில் வேர்வை.

பையைக் கீழே வைத்தார். போனை எடுத்தார். எந்த விளக்கமும் எழுதாமல், யாருக்கும் அனுப்பாமல், அவளை ஒரு படம் எடுத்துக்கொண்டார். பிறகு சத்தமில்லாமல் நடந்துபோய் மின்விசிறியைப் போட்டு, அவளுக்கு நன்றாகக் காற்று வரட்டும் என்று அஞ்சுக்குத் திருப்பினார்.

"மூணுல வைங்க," என்றாள் ஹஃப்சா, கண்ணைத் திறக்காமல்.