பன்னிரண்டு பாட்டில் சர்பத்

பெரிய பேராசிரியர் ஒருவரை வீட்டுக்கு வரவழைத்து, சாக்கடைத் தண்ணீரில் சர்பத் போட்டுக் கொடுத்த குடும்பம் எங்களுடையது. (சாக்கடை என்று எழுதினால் உம்மாவுக்குக் கோபம் வரும். அது குழாய்த் தண்ணீர்தான். குழாய் சாக்கடைக்குள்ளே போகிறது, அவ்வளவே.) பல வருடம் இதை வெளியே விடாமல் காப்பாற்றி வந்தேன். கடைசியில் என் கல்யாணப் பந்தியிலேயே யாரோ சொல்லிச் சிரித்துவிட்டார்கள். இனி மறைத்து என்ன? நானே எழுதிவிடுகிறேன்.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. தாராவியில் எங்கள் சந்திலேயே எம்.எஸ்ஸி. முடித்த முதல் பெண் நான்தான் என்பதைக் கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். வாப்பாவுக்கு நான்கு மெஷின் போட்ட தோல் பைப் பட்டறை. எனக்கோ செயற்கைக்கோள் வேலை. "மவ ராக்கெட்டு ஆபீசுல இருக்கா" என்று வாப்பா பட்டறைக்கு வருகிறவர்களிடம் சொல்வார். நானும் மறுத்ததில்லை.

உண்மையில் அது ஓர் ஆய்வுத் திட்டம். கடல் எவ்வளவு சூடேறியிருக்கிறது, மழை எங்கே கொட்டியது, எந்த இடத்தில் தண்ணீர் வடியாமல் நிற்கிறது என்பதையெல்லாம் செயற்கைக்கோள் படங்களிலிருந்து எடுத்துக் கணினிக்குக் கொடுப்பார்கள். இன்னும் சில வாரங்களில் எங்கெங்கே காலரா மாதிரி வயிற்றுப்போக்கு கிளம்பலாம் என்று அது கணக்குப் போட்டு, நகர வரைபடத்தில் சதுரம் சதுரமாகச் சாயம் பூசிக் காட்டும். பச்சை என்றால் பயமில்லை. சிவப்பு என்றால் ஆபத்து. செயற்கைக்கோளின் கண்ணுக்குத் தண்ணீரில் இருக்கும் கிருமி தெரியாது; கிருமிக்குப் பிடித்த வானிலை தெரியும்.

வானத்திலிருந்து பார்த்தது சரிதானா என்று தரையில் பார்க்க ஓர் ஆள் வேண்டுமே, அதுதான் நான். அதிகாலையில் குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில் பன்னிரண்டு வீடுகளில், வீட்டுக்குக் கால் லிட்டர் வீதம், கிருமி நீக்கிய பாட்டில்களில் பிடிக்க வேண்டும். பரிசோதனைக்கூட வண்டி வரும்வரை குளிர்ச்சியில் வைத்திருக்க வேண்டும். அப்புறம் வீடு வீடாகப் போய், யாருக்காவது வயிறு சரியில்லையா என்று கேட்டுப் படிவம் நிரப்ப வேண்டும். "எத்தனை தடவை?" என்பதுதான் என் முக்கியமான கேள்வி. இரண்டே மாதத்தில் என்னைக் கண்டாலே சந்தில் ஆண்கள் எல்லோரும் பார்வையைத் திருப்பிக்கொள்ள ஆரம்பித்தார்கள்.

அந்த மழைக்காலத்தில் எங்கள் சதுரம் சிவந்தது. சாலைக்கு அந்தப் பக்கத்துச் சதுரமும் கூடவே சிவந்தது.

சரிபார்க்காத கணிப்பை வெளியே சொல்லக் கூடாது என்பது திட்டத்தின் விதி. வீணாகப் பீதி கிளம்பும், நாளைக்கு நிஜமாகவே எச்சரிக்கும்போது யாரும் நம்ப மாட்டார்கள் என்பது அதற்குச் சொன்ன காரணம். அதில் நியாயமும் இருந்தது. நான் கையெழுத்துப் போட்டிருந்தேன். அதனால் சொல்லவில்லை. வீட்டிலும் சொல்லவில்லை. ஆனால் தொண்டை கட்டியிருக்கிறது என்று உம்மாவிடம் பொய் சொல்லி, எனக்கு மட்டும் கொதிக்க வைத்த தண்ணீராகக் கேட்டு வாங்கிக் குடித்தேன். இரண்டு வாரம். பாவம், உம்மா அதில் மிளகு வேறு தட்டிப் போட்டுத் தந்தாள். (இந்தக் கட்டுரையில் எனக்குச் சிரிப்பு வராத இடம் இது ஒன்றுதான்.)

இப்படி இருக்கும்போதுதான் பேராசிரியர் நேரில் களத்தைப் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. திட்டத்தின் தலைவர் அவர். மராத்திக்காரர். கூட வருகிறவர் மாட்டுங்காவைச் சேர்ந்த வைதேகி மேடம், எனக்கு நேர் மேலதிகாரி. செய்தியைக் கேட்டதும் உம்மா, "நம்ம சந்து வரைக்கும் வந்துட்டு வீட்டுக்கு வராமப் போவாவளா? கூட்டியா" என்று சொல்லிவிட்டாள்.

அன்று காலையில் பன்னிரண்டு பாட்டில்களையும் பிடித்து, ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை ஆங்கிலத்தில் எண் எழுதி ஒட்டிவிட்டேன். மழையில் சயான் பக்கம் தண்ணீர் தேங்கி வண்டி மாட்டிக்கொண்டது. ஐஸ் பெட்டியில் ஐஸ் கரைந்துவிட்டது. நான் சமயோசிதமாக எல்லாவற்றையும் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் அடுக்கினேன். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு, குடையோடு விருந்தாளிகளை அழைத்துவரச் சாலைக்குப் போனேன். உம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். சொல்லாமல் இருப்பதுதான் அப்போது எனக்குப் பழகிப் போயிருந்ததே.

கார் சந்துக்குள் வராது. பேராசிரியர் பேன்ட்டைக் கணுக்காலுக்கு மேல் மடித்துவிட்டுக்கொண்டு, தலைக்கு மேல் தொங்கும் ஒயர்களுக்குக் குனிந்து குனிந்து நடந்து வந்தார். வீட்டில் வாப்பா வெள்ளைச் சட்டையில் காத்திருந்தார். உட்கார்ந்ததும் உம்மா தட்டில் சர்பத் கொண்டுவந்தாள். ஊரிலிருந்து வந்த நன்னாரி, எலுமிச்சை, சப்ஜா விதை. நன்றாகக் குளிர்ந்திருந்தது. பேராசிரியர் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "பஹுத் படியா!" என்று ஹிந்தியில் பாராட்டினார். உம்மா இன்னொரு டம்ளர் ஊற்றினாள். வைதேகி மேடமும் இரண்டாவது டம்ளர் வாங்கிக்கொண்டார். எனக்கு மட்டும் தரவில்லை. தொண்டை கட்டியிருக்கிறதே!

என் வேலையைக் காட்ட இதைவிட நல்ல நேரம் வாய்க்காது என்று எனக்குத் தோன்றியது. "சார், இன்றைய மாதிரிகள் தயாராக இருக்கின்றன" என்று சொல்லி, துணிக்கடைக்காரர் பட்டுப்புடவையை விரிப்பது மாதிரி ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்தேன்.

கீழ்த் தட்டு காலி.

சமையல் மேடையில் பன்னிரண்டு பாட்டில்களும் பளிச்சென்று கழுவி, வரிசையாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. ஒட்டிய சீட்டுகள் ஊறி உரிந்து ஓரமாகக் குவிந்து கிடந்தன.

"உம்மா, இதுல இருந்த தண்ணி எங்க?"

"சர்பத் போட்டாச்சுல்லா" என்றாள் உம்மா. "கண்ணாடி மாரி பளபளன்னு, இங்கிலீசுல சீட்டெல்லாம் ஒட்டி இருந்துச்சு. விருந்தாளுவளுக்குன்னு நீ ஆபீசுல இருந்து நல்ல தண்ணி கொண்டாந்துருக்கேன்னு நெனச்சேன். ட்ரம்முத் தண்ணியவா பெரிய மனுசருக்குக் குடுப்பாவ? பாட்டில எல்லாம் கழுவிட்டேன். திருப்பிக் குடுக்கணும்லா?"

ஃப்ரிட்ஜ் கதவைப் பிடித்தபடி நின்றேன். சொல்லாமலே விட்டுவிடலாமா என்று ஒரு யோசனை வந்தது. சந்தில் எல்லோரும் குடிக்கிற தண்ணீர்தானே, ஒன்றும் ஆகாது என்று ஒரு மனம் சொன்னது. ஒன்றும் ஆகாது என்றால் அந்த வரைபடத்தில் எதற்கு நம் சதுரத்துக்குச் சிவப்பு என்று இன்னொரு மனம் கேட்டது. பேராசிரியர் காலி டம்ளரோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சொல்லிவிட்டேன்.

"எந்த நம்பர் பாட்டில்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"எல்லாமே, சார். கலந்து."

கிருமி உடம்புக்குள் போய் எத்தனை மணி நேரத்திலிருந்து எத்தனை நாளுக்குள் வேலையைக் காட்டும் என்று போன மாதம்தான் எங்களுக்கு அவர் நிதானமாக வகுப்பு எடுத்திருந்தார். இப்போது கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு போனை எடுத்துத் தன் டாக்டரைக் கூப்பிட்டார். வைதேகி மேடம், "ஐயோ, நான் ரெண்டு டம்ளர் குடிச்சேனே நஸீமா! என்னம்மா இப்படிப் பண்ணிட்டே!" என்று தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். வாப்பா மட்டும் மிச்சத்தை நிதானமாகக் குடித்து முடித்து, "நல்லாத்தானே இருக்கு" என்றார்.

உம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்னளா ஆச்சு? ஏன் எல்லாரும் பதறுதாவ?"

நான் வாயைத் திறப்பதற்குள் மேடமே எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். "இந்தப் பகுதித் தண்ணி சரியில்லாம இருக்கலாம்மா. ரெண்டு வாரமா மேப்புல ரெட்டா காட்டிண்டிருக்கு."

உம்மா என்னைப் பார்த்தாள். "ரெண்டு வாரமா?"

நான் தரையைப் பார்த்தேன்.

"அப்போ உனக்குத் தொண்டை கட்டல."

இல்லை என்று தலையாட்டினேன். அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். மேடம் பக்கம் திரும்பினாள்.

"இந்தத் தண்ணியத்தான நாங்க தெனமும் குடிக்கோம்? ஐயா ஒரு நா குடிச்சதுக்கு டாக்டருக்குப் போன் போடுதாவ. எங்களுக்கு யாரு போட்டா?"

அவள் என்ன சொல்கிறாள் என்று பேராசிரியர் கேட்டார். மேடம் ஒரு நொடி தயங்கிவிட்டு, ஒரு வார்த்தை குறைக்காமல் ஹிந்தியில் சொன்னார். பேராசிரியர் போனைச் சட்டைப் பையில் போட்டார்.

அதற்குள் உம்மா பர்தாவை மாட்டிக்கொண்டு படியிறங்கிவிட்டாள். முதல் கதவு பக்கத்து வீட்டு இசக்கியம்மா அக்காவுடையது. "ஏ இசக்கி, தண்ணியக் கொதிக்க வச்சுக் குடிங்க. மேல இருந்து பாத்துருக்காவ, நம்ம தண்ணி சரியில்லயாம்." இசக்கியம்மா அக்கா தன் பங்குக்குச் சந்தின் மறு பாதியை எடுத்துக்கொண்டார். மேலே இருந்து பார்த்தது யார் என்ற கேள்வி வழியிலேயே தொலைந்துவிட்டது. கோயில் பக்கம் போய்ச் சேரும்போது அது அம்மன் உத்தரவாக ஆகியிருந்தது. அதற்கு அடுத்த சந்தில் டெல்லியிலிருந்து வந்த ஆர்டர் என்றார்கள். எதுவானால் என்ன, அன்று சாயங்காலம் எந்த வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாலும் அடுப்பில் ஒரு பானைத் தண்ணீர் தளதளவென்று கொதித்தது.

அடுத்த ஐந்து நாளும் காலையில் பேராசிரியருக்குப் போன் செய்வது என் வேலையாயிற்று. நலம் விசாரிக்கத்தான் கூப்பிட்டேன். ஆனால் வாய் பழக்கதோஷத்தில், "எத்தனை தடவை, சார்?" என்று கேட்டுத் தொலைத்தது. வேலை போயிற்று என்றே நினைத்தேன். பிறகு அவர், "வழக்கம்போல ஒரே ஒரு தடவை. படிவத்தில் எழுதிக்கொள்" என்றார். எழுதிக்கொண்டேன். அந்த வாரத்துத் தண்ணீர் மாதிரிக்குப் பதிலாக எங்களிடம் மிஞ்சியது அவருடைய வயிறு ஒன்றுதான். வைதேகி மேடம் ஐந்து நாளும் மோர்சாதம் தவிர வேறெதையும் தொடவில்லை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

சிரிப்பு இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இரண்டு வாரத்தில் நோய் கிளம்பியது. எங்கள் சதுரத்தில் ஒன்றிரண்டு பேர் படுத்து எழுந்தார்கள், அவ்வளவுதான். சாலைக்கு அந்தப் பக்கம் வீட்டுக்கு வீடு படுத்தார்கள். அந்தப் பக்கம் உம்மாவுக்குச் சொந்தக்காரர்களோ தெரிந்தவர்களோ கிடையாது. செய்தி சாலையோடு நின்றுவிட்டது. எனக்கு அந்தப் பக்கம் ஓர் ஆளைத் தெரியும். வாப்பா பட்டறையில் பைகளுக்கு வார் தைக்கும் சகுந்தலா. நான்கு நாள் ஆஸ்பத்திரியில் கையில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு கிடந்தாள். பார்க்கப் போனேன். கன்னமெல்லாம் ஒட்டிப்போய், கண் உள்ளே போயிருந்தது.

"உங்க சந்துல எல்லாருக்கும் முன்னாலயே தெரியுமாமே, நெசமாக்கா?" என்று கேட்டாள். குற்றம் சொல்கிற குரல் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் கொண்டுபோயிருந்த சாத்துக்குடியை உரிக்க ஆரம்பித்தேன். அவளுக்கு அப்போது சாத்துக்குடி கொடுக்கக் கூடாது என்று நர்ஸ் வந்து திட்டிவிட்டுப் போனார். உரித்ததை நானே தின்றேன். அதன் பிறகுதான், "நெசந்தான்" என்று சொல்ல முடிந்தது.

சகுந்தலா தேறிவிட்டாள். இப்போதும் பட்டறையில்தான் இருக்கிறாள்.

ஆஸ்பத்திரியில் அவள் கேட்டதைப் பேராசிரியரிடம் அப்படியே சொன்னேன். அதற்குள் அவரே விதியை மாற்றி எழுத ஆரம்பித்திருந்தார். ஒரு சதுரம் சிவந்தால், சரிபார்த்தாலும் பார்க்காவிட்டாலும், அன்றைக்கே அங்குள்ள வீடுகளுக்குச் சொல்லிவிட வேண்டும். சாலைக்கு இரண்டு பக்கமும் சொல்ல வேண்டும். "இது வெறும் கணிப்புதான், தவறாகவும் போகலாம், ஆனாலும் கொதிக்க வைத்துக் குடியுங்கள்" என்று வெளிப்படையாகவே சொல்ல வேண்டும். போனில் அனுப்பத் தமிழில் ஒரு குரல் தேவைப்பட்டது. என் குரலில் பதிவு செய்து பார்த்தார்கள், செய்தி வாசிக்கிற மாதிரி இருந்தது. உம்மாவைக் கூப்பிட்டார்கள். எழுதிக் கொடுத்ததைத் தூரப் போட்டுவிட்டு, "ஏளா, அடுப்புல தண்ணிய வச்சியா இல்லியா?" என்றுதான் ஆரம்பித்தாள். இன்றைக்கும் மழைக்காலத்தில் தாராவியில் அந்தக் குரல் போகிறது.

ஆண்டு இறுதியில் அறிக்கை வந்தது. ஒவ்வொரு சதுரத்துக்கும் நேராகக் கணிப்பு பலித்ததா இல்லையா என்று குறித்திருந்தார்கள். சாலைக்கு அந்தப் பக்கம் பலித்தது. எங்களுடையதற்கு நேராகத் தவறு என்று போட்டிருந்தது. எனக்கு ஒரே வருத்தம். இரண்டு வருட உழைப்பு, சொந்தச் சந்திலேயே தோற்றுவிட்டது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"என்னளா எழுதியிருக்கு அதுல?" என்று உம்மா கேட்டாள்.

"நம்ம சந்துல கணிப்பு தப்பிட்டுன்னு எழுதியிருக்கு."

உம்மா அரிசி களைவதை நிறுத்தவில்லை. "அது தப்புனா தப்பிட்டுப் போவுது. பிள்ளையளு தப்பிட்டுல்லா?"

இதை நான் அலுவலகத்தில் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. இரண்டு 'தப்பிட்டு'க்கும் உள்ள வித்தியாசத்தை வைதேகி மேடம் பேராசிரியருக்கு அரை மணி நேரம் விளக்கினார். அன்றிலிருந்து எங்கள் கூட்டங்களில், சிவந்த ஒரு சதுரத்தில் யாரும் படுக்கவில்லை என்று தெரிந்தால், புதிதாக வந்தவர்கள் கணினியில் என்ன கோளாறு என்று கவலையோடு தேடத் தொடங்குவார்கள். பேராசிரியர் மேஜையைத் தட்டி, மராத்தி நாக்கில், "தப்பிட்டுல்லா!" என்பார். அவருக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான்.